ப்ரௌசர்ல ஓடுறது எதுன்னு முதல்ல பாருங்க

ஒரு மொழில எழுதி, இன்னொரு மொழியா கம்பைல் ஆகி ப்ரௌசர்ல ஓடுற ஆப்புல ஏதாவது உடைஞ்சா எல்லாரும் முதல்ல தான் எழுதின ஃபைலைத்தான் திறக்குறாங்க. அந்த ஃபைல் எங்கயும் ஓடல. ஓடுறது வேற ஒண்ணு. இது மனசுல நல்லா பதிஞ்சாலே டீபக்கிங்ல (தப்பு எங்கன்னு தேடுறதுல) பெரும்பங்கு அலைச்சல் குறைஞ்சிடும்னு நான் உறுதியா நம்புறேன். வேலைக்கு சேந்த புதுசுல யாராவது பக்கத்துல உக்காந்து எனக்கு இதை சொல்லியிருந்தா எவ்வளவு உதவியா இருந்திருக்கும், அதனாலதான் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

நான் தஞ்சாவூர் பக்கம், இப்ப மொரீஷியஸ்ல எபேன் சைபர்சிட்டில வேலை, ரோஸ் ஹில்ல வாடகை வீடு. எங்க டீம் பாக்குறது ஹோட்டல் புக்கிங் சிஸ்டம், தீவோட வடக்குல க்ராண்ட் பே பக்கத்து ஹோட்டல்களும் பாரிஸ்ல இருக்குற ஒரு ட்ராவல் ஏஜென்சியும் ஒரே ஸ்க்ரீனை பாத்து வேலை செய்வாங்க. ஆப்போட பழைய பாதி ஜாவால எழுதி ஜிடபிள்யூடி (கூகுள் வெப் டூல்கிட்) வழியா ப்ரௌசருக்கு புரியுற ஜாவாஸ்கிரிப்டா மாறுறது, புது பாதி டைப்ஸ்கிரிப்ட், அதாவது டைப் எழுதுற வசதி சேத்த ஜாவாஸ்கிரிப்ட், அதுவும் கம்பைல் ஆகி சாதா ஜாவாஸ்கிரிப்டா மாறும். ரெண்டும் ஒரே சர்வர்கிட்ட பேசுது. கூட வேலை பாக்குற தம்பி இங்கயே பொறந்து வளந்த தமிழ்ப் பையன், வீட்ல க்ரியோல், தமிழ் கோயில் வகுப்புல கத்துக்கிட்டது, எங்கிட்ட மட்டும் விடாம தமிழ்லயே பேசுவான். ஜிடபிள்யூடி பாதி முழுக்க அவன் பொறுப்புல வந்தப்பதான் நாங்க ரெண்டு பேரும் சேந்து இதையெல்லாம் தோண்ட ஆரம்பிச்சோம்.

ஜிடபிள்யூடி கூகுள் 2006ல வெளியிட்டது. ஜாவால யூஐ எழுதலாம், கம்பைலர் அதை ஜாவாஸ்கிரிப்டா மாத்தும். அதுல பழைய டெவ் மோட்னு ஒண்ணு இருந்துச்சு, ப்ரௌசர்ல ஒரு ப்ளகின் போட்டுட்டா உங்க ஜாவா கோடு நிஜமாவே ஜாவாவை ஓட்டுற ஜேவிஎம்லயே ஓடும், எக்லிப்ஸ் எடிட்டர்ல ப்ரேக்பாயிண்ட் (ப்ரோக்ராம் நிக்க வேண்டிய இடம்) வெச்சு ஒவ்வொரு வரியா ஜாலியா ஸ்டெப் பண்ணலாம். கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா யோசிச்சு பாருங்க, நீங்க டீபக் பண்றது ஜாவா, கஸ்டமர்கிட்ட ஓடுறது ஜாவாஸ்கிரிப்ட், ரெண்டும் வேற வேற ப்ரோக்ராம். எங்க பழைய கோடுல ஒரு இடத்துல கெஸ்ட் பேரு இல்லன்னா நல்பாயிண்டர் எக்ஸெப்ஷனை (இல்லாத ஆப்ஜெக்டை தொட்டா ஜாவா குடுக்குற எரர்) கேட்ச் பண்ணி காலியா காட்டுற மாதிரி எழுதியிருந்தாங்க. டெவ் மோட்ல அது ஒழுங்கா வேலை செஞ்சுது. பழைய ஜிடபிள்யூடி வெர்ஷன்ல கம்பைல் ஆனதுல நல்பாயிண்டர் எக்ஸெப்ஷனே வராது, ப்ரௌசர் டைப் எரர் குடுக்கும், ஜிடபிள்யூடி அதை ஜாவாஸ்கிரிப்ட் எக்ஸெப்ஷன்னு வேற கிளாஸ்ல சுத்தி தரும், நம்ம கேட்ச் அதை கண்டுக்காது, ஸ்க்ரீன் அப்படியே நின்னுடும். அரே எல்லை தாண்டினாலும் பழைய வெர்ஷன்ல எந்த சத்தமும் வராது, அன்டிஃபைன்டுதான் (மதிப்பு இல்லன்னு ஜாவாஸ்கிரிப்ட் சொல்றது) கிடைக்கும். க்ரோம் 2015 செப்டம்பர்ல வந்த 45வது வெர்ஷனோட அந்த வகை ப்ளகினையே முழுசா நிறுத்திடுச்சு, அப்ப நெறைய பேர் வருத்தப்பட்டாங்க, என்னை கேட்டா அது நல்லதுக்குத்தான். ஜிடபிள்யூடி 2.5ல வந்த சூப்பர் டெவ் மோட் சோர்ஸ் மேப் (கம்பைல் ஆன கோடோட எந்த இடம் நம்ம எழுதின எந்த வரின்னு சொல்ற ஃபைல்) வழியா வேலை செய்யுது, அதுல டீபக் பண்றது கம்பைல் ஆன கோடைத்தான், கொஞ்சம் கஷ்டம் கூட, ஆனா பாக்குறது நிஜம்.

ப்ரொடக்ஷன்ல (கஸ்டமர்கிட்ட ஓடுறதுல) இருந்து வர்ற ஸ்டேக் ட்ரேஸ், அதாவது எரர் வந்தப்ப எந்த ஃபங்ஷன் எதை கூப்பிட்டுச்சுங்கிற பட்டியல், இன்னொரு தலைவலி. ரெண்டு எழுத்து மூணு எழுத்துல ஃபங்ஷன் பேரு, அதை ஜாவா பேருக்கு திருப்பணும்னா சிம்பல் மேப் ஃபைல் வேணும். ஜிடபிள்யூடி ஒவ்வொரு ப்ரௌசர் வகைக்கும் ஒவ்வொரு லொகேலுக்கும் (மொழிக்கும்) தனித்தனி ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் செய்யும், இங்க இங்கிலீஷ் பிரெஞ்சு ரெண்டும் கண்டிப்பா வேணும், அதனால ஃபைல் எண்ணிக்கை பெருகிட்டே போகும். ஃபயர்ஃபாக்ஸ் பிரெஞ்சுல ஒரு பேரு குறிக்கிற ஃபங்ஷன் வேற, க்ரோம் இங்கிலீஷ்ல அதே பேரு குறிக்கிறது வேற. தப்பான சிம்பல் மேப்பை எடுத்து பாத்தா அழகா ஒரு ஜாவா மெத்தட் பேரு கிடைக்கும், ஆனா அது சம்பந்தமே இல்லாத மெத்தட். கம்பைல் ஆன ஃபைல் பேருல இருக்குற நீள ஹேஷ்தான் (அந்த ஃபைலோட அடையாள எழுத்துச் சரம்) சிம்பல் மேப் பேரும், ஆர்பிசி (ப்ரௌசர் சர்வரை கூப்பிடுற முறை) ரிக்வெஸ்ட் ஹெட்டர்லயும் அதேதான் போகும், லாக்ல அதை கண்டிப்பா எழுதி வைங்க. அது இல்லாம வர்ற ஸ்டேக் ட்ரேஸை நாங்க இப்பல்லாம் தொடுறதே இல்ல. இன்னொண்ணு, க்ரோமும் சஃபாரியும் ஒரே ஃபைலைத்தான் எடுக்கும், அதனால "சஃபாரில மட்டும் வருது"ன்னு ஹோட்டல்காரங்க சொன்னா கம்பைல் ஆன ஃபைல்ல வித்தியாசத்தை தேடாதீங்க, அது ப்ரௌசரோட வித்தியாசம்.

இப்ப டைப்ஸ்கிரிப்ட் பக்கம் வருவோம், இங்கதான் விஷயம் நிறைய.

2024 ஜனவரி 15, பெலால் புயல். போர்ட் லூயிஸ் தெருவுல கார் மிதந்த வீடியோ நெறைய பேர் பாத்திருப்பீங்க. ஹோட்டல் பூரா கேன்சலேஷன், ஏஜென்சி ஒரு பக்கம், நேரடி கெஸ்ட் ஒரு பக்கம், எல்லாரும் ஒரே நேரத்துல அந்த கேன்சல் ஸ்க்ரீனுக்கு வந்தாங்க, அங்க எவ்வளவு பணம் திரும்பும்னு காட்ட வேண்டிய இடம் வெறுமையா இருந்துச்சு. நாங்க எல்லாரும் வீட்ல, ஆபீஸ் மூடியாச்சு. கோடை பாத்தா ஒரு குறையும் தெரியல. அடிப்படை கிளாஸோட கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகுறப்ப ஓடுற ஃபங்ஷன்) சர்வர்ல இருந்து வந்த டேட்டாவை எல்லாம் ஆப்ஜெக்ட்ல எடுத்து போட்டுடும், அதுல இருந்து வர்ற கேன்சலேஷன் கிளாஸ்ல பாலிசின்னு ஒரு ஃபீல்டை டைப்போட அறிவிச்சிருக்கும், மதிப்பு எதுவும் குடுக்காம ஆச்சரியக்குறி போட்டு "இது வெளில இருந்து வரும்"னு கம்பைலருக்கு சொல்லியிருக்கும். டைப்ஸ்கிரிப்ட் எழுதுற எல்லாரும் பண்றதுதான்.

சோர்ஸ் மேப் போட்டு ஸ்டெப் பண்ணா இன்னும் குழப்பம். அடிப்படை கன்ஸ்ட்ரக்டர் உள்ள பாலிசி சரியா இருக்கு, அதை கூப்பிடுற சூப்பர் கால் முடிஞ்சு வெளில வந்த உடனே அன்டிஃபைன்டு. நடுவுல ஒரு வரியும் இல்ல. தம்பி ஃபோன்ல "அண்ணா, யாரு அதை அழிச்சா, இங்க யாருமே இல்லையே"ன்னு திரும்பத் திரும்ப கேட்டான். அப்பதான் ப்ரௌசரோட டெவ்டூல்ஸ் (டெவலப்பருக்கான கருவிகள்) செட்டிங்ஸ்ல சோர்ஸ் மேப் டிக்கை எடுத்துட்டு கம்பைல் ஆன ஜாவாஸ்கிரிப்டையே ப்ரெட்டி ப்ரிண்ட் பண்ணி, வரி வரியா பிரிச்சு பாத்தோம். கிளாஸ் உள்ள பாலிசின்னு பேரும் ஒரு செமிகோலனும் மட்டும் தனியா ஒரு வரி. அந்த வரிதான் அழிச்சது.

என்ன நடந்துச்சுன்னா, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15ல ஓய்வு குடுத்த பிறகு ஹோட்டல் ரிசெப்ஷன் மெஷினெல்லாம் மெல்ல மெல்ல மாறிச்சு, அதுக்கு அப்புறம் எங்க டீம் கம்பைல் டார்கெட்டை (எந்த ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பா மாத்தணும்ங்கிற செட்டிங்) ஈஎஸ் 5ல இருந்து ஈஎஸ் 2022க்கு ஏத்துச்சு. பழைய டார்கெட்ல மதிப்பு இல்லாத ஃபீல்ட் அறிவிப்பு டைப்போட சேந்து மறைஞ்சிடும், ஜாவாஸ்கிரிப்ட்ல ஒண்ணுமே வராது. ஈஎஸ் 2022ல இருந்து கிளாஸ் ஃபீல்ட் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலயே இருக்கு, டைப்ஸ்கிரிப்டும் டிஃபால்ட்டா அந்த முறைக்கு மாறிடும், அப்ப அந்த அறிவிப்பு நிஜ ஃபீல்டா வெளில வரும், சூப்பர் முடிஞ்ச உடனே அது ஓடி அன்டிஃபைன்டு வெச்சிடும். ஆச்சரியக்குறி டைப் செக்கருக்கு மட்டும்தான், அவுட்புட்ல அதுக்கு எந்த சக்தியும் இல்ல. ஃபீல்டுக்கு முன்னாடி டிக்ளேர்னு ஒரு சொல் சேத்தா அவுட்புட்ல எதுவும் வராது, பிரச்சனை தீந்துது. டார்கெட் ஏத்தறவங்க எல்லாரும் ஏத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவுட்புட் ஃபோல்டரை டிஃப் போட்டு ஒப்பிட்டு பாருங்க, மினிஃபை பண்ணாத (சுருக்காத) அவுட்புட்டை. கண்ணு வலிக்கும், ஆனா இந்த மாதிரி வரி ஒண்ணு கூட தப்பாது.

அதுக்காக டார்கெட் ஏத்துனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஈஎஸ் 5ல அசிங்க் அவெய்ட் (பதில் வர்ற வரைக்கும் காத்திருக்குற கோடு) எழுதினா கம்பைலர் அதை ஒரு ஸ்டேட் மெஷினா மாத்தும், ஒவ்வொரு அவெய்ட்டுக்கும் ஸ்விட்ச்ல ஒரு கேஸ், சுத்தி ரெண்டு ஹெல்பர் ஃபங்ஷன், ஸ்டெப் ஓவர் அழுத்தினா நம்ம அடுத்த வரிக்கு போகாம அந்த ஹெல்பருக்குள்ள போய் விழும். ஈஎஸ் 2017 இல்ல அதுக்கு மேல வெச்சா அவெய்ட் அவெய்ட்டாவே இருக்கும், ஸ்டேக்கும் ஒழுங்கா தெரியும். உங்க யூசருங்ககிட்ட பழைய ப்ரௌசர் இல்லன்னா தயவு செஞ்சு டெவலப்மெண்ட் பில்டுக்காவது டார்கெட்டை மேல வைங்க. இன்னும் கீழ வெச்சுத்தான் ஆகணும்னா டெவ்டூல்ஸ்ல இக்னோர் லிஸ்ட்ல அந்த ஹெல்பர் ஃபைலை சேத்துடுங்க, ஸ்டெப் பண்றப்ப அதை தாண்டி போகும்.

சோர்ஸ் மேப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா எல்லாரும் அதை பாத்ததும் நம்பிடுறோம். அது பட்டா மாதிரி, நிலம் இங்கன்னு காகிதம் சொல்லும், வேலி எங்க இருக்குன்னு நேர்ல போய் பாத்தாதான் தெரியும். இப்ப புழங்குற மூணாவது வடிவம் 2011ல வந்தது, 2024 டிசம்பர்ல எக்மா 426ன்னு தரமாவும் ஆச்சு. உள்ள பாத்தா சாதாரண ஜேசான் (டேட்டாவை எழுத்தா எழுதுற வடிவம்) ஃபைல்தான். சோர்ஸ் ஃபைல் பேருங்க, விருப்பப்பட்டா அதோட உள்ளடக்கம், பழைய பேருங்க, அப்புறம் மேப்பிங்ஸ்னு ஒரு நீள எழுத்துச் சரம். அந்த சரத்துல செமிகோலன் வந்தா அவுட்புட்ல அடுத்த வரி, கமா வந்தா அதே வரில அடுத்த இடம், ஒவ்வொரு எண்ணும் முன்னாடி வந்ததுல இருந்து எவ்வளவு தள்ளின்னுதான் எழுதியிருக்கும்.

இது தெரிஞ்சதால எங்களுக்கு ஒரு தடவை ரொம்ப சீக்கிரம் விடை கிடைச்சுது. எரர் எல்லாம் சம்பந்தமில்லாத இடத்தை காட்டிச்சு, கமெண்ட் வரி, காலி வரின்னு. பாத்தா பில்டோட கடைசில ஒரு ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் காப்பிரைட் வரி ஒண்ணு சேக்குது, மேப் அதுக்கு முன்னாடியே செஞ்சு முடிச்சாச்சு. மினிஃபை ஆன கோடு மொத்தமும் ஒரு வரி கீழ இறங்கிடுச்சு, மேப் இன்னும் பழைய வரியையே சொல்லிட்டிருக்கு. மேப்பிங்ஸ் சரத்தோட முன்னாடி ஒரே ஒரு செமிகோலன் சேத்து பாத்தோம், எல்லாம் சரியான இடத்துக்கு வந்துடுச்சு. அப்புறம் முறையா அந்த காப்பிரைட் வரியை பண்ட்லர் (ஃபைல்களை ஒண்ணா சேக்குற கருவி) வழியாவே சேக்குற மாதிரி மாத்துனோம், அப்ப மேப்பும் அதுக்கு ஏத்த மாதிரி வரும்.

இதே மாதிரி டைப்ஸ்கிரிப்ட்ல இருந்து பேபெல் (ஜாவாஸ்கிரிப்டை பழைய பதிப்பா மாத்துற கருவி), அங்க இருந்து டெர்சர் (மினிஃபை பண்ற கருவி) அப்படின்னு பல கட்டம் இருந்தா ஒவ்வொரு கட்டமும் முன்னாடி கட்டத்தோட மேப்பை வாங்கித்தான் தன்னோடதை செய்யணும். நடுவுல ஒண்ணு வாங்கலன்னா கடைசி மேப் நம்மள நடு ஃபைலுக்கு கூட்டிட்டு போயிடும், டெவ்டூல்ஸ்ல டைப் எதுவும் இல்லாத டைப்ஸ்கிரிப்ட் மாதிரி ஒண்ணு தெரிஞ்சா அதுதான் அடையாளம். மேப் சரியான்னு சந்தேகம் வந்தா கோடுல டீபக்கர்னு ஒரு ஸ்டேட்மெண்ட் போட்டு பாருங்க, அது கம்பைல் ஆனதுக்குள்ளயும் நிஜமா இருக்கும், அங்க நின்னப்ப டெவ்டூல்ஸ் காட்டுற வரியும் நீங்க எழுதின வரியும் ஒண்ணா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சிடும். ஆனா டெர்சர் டிஃபால்ட்டா அந்த ஸ்டேட்மெண்டை தூக்கிடும், அந்த ஆப்ஷனை அணைச்சுட்டு பில்ட் எடுக்கணும். நிக்கலன்னு பாத்துட்டு அந்த இடமே ஓடலன்னு முடிவு கட்டிடாதீங்க.

கன்சோல்ல ஒரு ஃபங்ஷன் பேரை அடிச்சா அப்படி ஒண்ணே இல்லன்னு எரர் வரும், ஆனா ஸ்க்ரீன்ல அந்த பேரு கண்ணு முன்னாடி இருக்கும். இம்போர்ட் பண்ணதை வெப்பேக்ங்கிற பண்ட்லர் அண்டர்ஸ்கோர் எல்லாம் போட்டு நீளமான வேற பேருக்குள்ள வெச்சிருக்கும், ப்ரொடக்ஷன்ல அதுவும் ஒரு எழுத்தா சுருங்கிடும். பயப்பட ஒண்ணும் இல்ல, மேப்பை அணைச்சு நிஜ பேரை பாத்து அதை அடிங்க. அதே மாதிரி கன்சோல்ல எரர் ஸ்டேக் அழகா டைப்ஸ்கிரிப்ட் வரியோட தெரியுதேன்னு லாக் சர்வருக்கும் அப்படியே போகும்னு நினைக்கக் கூடாது, டெவ்டூல்ஸ் காட்டுறப்பதான் மாத்திக் காட்டுது, ஸ்டேக் சரம் பச்சையாத்தான் போகும். அங்க அந்தந்த பில்டோட மேப்பை வெச்சு திருப்பணும். நாங்க மேப்பை வெளில போடாம உள் சர்வர்ல பில்ட் ஹேஷ் வாரியா வெச்சிருக்கோம். அதே கமிட்டை (சேமிச்ச அதே கோடை) மறுபடி பில்ட் எடுத்து கிடைக்கிற மேப்பை நம்பாதீங்க, லைப்ரரி ஒண்ணு லேசா மாறியிருந்தாலும் எல்லா இடமும் தள்ளிப் போயிடும்.

டைப் பத்தி. கம்பைல் ஆன பிறகு டைப்னு ஒண்ணு கிடையாது. இன்டர்ஃபேஸ்ல செக்-இன் நாள் டேட்னு எழுதியிருந்தாலும் ஜேசான்ல இருந்து வர்றது ஸ்ட்ரிங்தான், கம்பைலர் நீங்க சொன்னதை நம்பிடுச்சு, அவ்வளவுதான். எங்களை ரொம்ப அலைய வெச்சது புக்கிங் நம்பர். சர்வர்ல அது 64 பிட் லாங், அதாவது பெரிய முழு எண். ஜிடபிள்யூடி ஸ்க்ரீன்ல அதே புக்கிங் திறக்குது, டைப்ஸ்கிரிப்ட் ஸ்க்ரீன்ல "இல்லை"ன்னு வருது. ஜாவாஸ்கிரிப்ட் நம்பர் முழு எண்ணை 9007199254740991 வரைக்கும்தான் பிசகாம காக்கும். 9007199254740993ன்னு ஜேசான்ல வந்தா பார்ஸ் ஆனப்ப கடைசி இலக்கம் 2 ஆயிடும், எந்த எரரும் வராது. ஜிடபிள்யூடி லாங்கை சாதா நம்பரா வெக்காம துண்டு துண்டா பிரிச்சு தனியா கணக்கு போடுது, வேகம் குறைவு ஆனா இலக்கம் போகாது, அதனாலதான் பழைய பாதி சரியா இருந்துச்சு. ஐடி எல்லாத்தையும் சர்வர்லயே ஸ்ட்ரிங்கா அனுப்ப மாத்திட்டோம். ஒரு மொழில இருந்த எண் இன்னொரு மொழில எந்த எண்ணா மாறுதுன்னு கம்பைலர் டாக்குமெண்ட்ல ஒரு பக்கம் கண்டிப்பா இருக்கும், எல்லாரும் தாண்டிப் போற அந்த பக்கத்தை உக்காந்து படிங்க.

நாள் கதை இன்னும் மோசம். பெலால் புயல் வந்த அதே 2024ல தைப்பூசக் காவடி ஜனவரி 25, இங்க அரசு விடுமுறை. க்ராண்ட் பே ஹோட்டல்ல ஒரு அக்கா அன்னைக்கு ஸ்டாஃப் குறைவுன்னு சில சர்வீஸை ஸ்க்ரீன்ல மூடி வெச்சாங்க, பாரிஸ் ஏஜென்சிக்கு அது 24ன்னு தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் ஜிடபிள்யூடி, ரெண்டு பக்கமும் ஒரே ஜாவா கிளாஸ். ஆனா ஜாவாவோட டேட் கம்பைல் ஆன பிறகு ப்ரௌசரோட நேர மண்டலத்துல ஓடுது, ஆர்பிசில போறது வெறும் மில்லிசெகண்ட். இங்க 25ஆம் தேதி நடுராத்திரின்னா யூடிசில (உலகப் பொது நேரத்துல) 24 ராத்திரி 8 மணி, பாரிஸ்ல 9 மணி. சர்வர்ல யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை, ஏன்னா அது ஜேவிஎம்ல சர்வரோட மண்டலத்துல ஓடுச்சு. தம்பி விரதத்துல இருந்தான், காவடி எடுக்குற வருஷம், "அண்ணா, காவடியையே ஒரு நாள் முன்னாடி வெச்சுட்டாங்களே"ன்னு அவனுக்கு நிஜமாவே மனசு கஷ்டமாயிடுச்சு, அன்னைக்கே உக்காந்து நாளை வருஷம்-மாசம்-தேதின்னு ஸ்ட்ரிங்கா அனுப்புற மாதிரி மாத்திட்டுத்தான் எழுந்தான். நேரம் இல்லாத நாளுக்கு டேட் கிளாஸை பயன்படுத்தவே கூடாதுன்னு நாங்க அன்னையில இருந்து வெச்சிருக்கோம், டெஸ்டையும் ப்ரௌசர்ல ரெண்டு மண்டலம் வெச்சு ஓட்டுறோம், ஒண்ணு இந்த ஊரு, இன்னொண்ணு பாரிஸ். டெவ்டூல்ஸ்ல சென்ஸார்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, அதுல இடத்தை மாத்தினா நேர மண்டலமும் மாறும், கையால பாக்குறதுக்கு அதுவே போதும்.

இப்ப இன்வாய்ஸ் பிடிஎஃப் செய்யுற பகுதி சி++ல எழுதி எம்ஸ்க்ரிப்டன்ங்கிற கம்பைலர் வழியா வெப் அசெம்ப்ளியா (ப்ரௌசர் ஓட்டுற பைனரி கோடா) வருது, அங்க சோர்ஸ் மேப் மட்டும் வெச்சா வரி தெரியும், வேரியபிளோட மதிப்பு தெரியாது. அதுக்கு ட்வார்ஃப் தகவலோட (வேரியபிள் பேரு, இடம் எல்லாம் சொல்ற டீபக் தகவல்) கம்பைல் பண்ணி க்ரோம்ல சி++ டீபக்கிங் எக்ஸ்டென்ஷன் போடணும். ஆப்டிமைஸ் பண்ண பில்ட்ல பாதி வேரியபிள் காணாம போயிடும், அதனால டீபக்குக்கு ஆப்டிமைஸ் இல்லாத பில்ட் தனியா வெச்சிருக்கோம். ட்வார்ஃப் சேந்தா ஃபைல் பெருத்துடும், அதை தனி ஃபைலா பிரிக்க எம்ஸ்க்ரிப்டன்ல ஆப்ஷன் இருக்கு, யூசருக்கு சின்ன ஃபைல் போகும், டெவ்டூல்ஸ் வேணுங்கிறப்ப பெரியதை எடுத்துக்கும். தம்பி இந்த வாரம் அதைத்தான் பில்ட்ல கோத்துட்டிருக்கான்.